முன்னுரையில் அந்த ஒரு வாக்கியம் வேண்டாம்

பழைய திகில் கதைகளைத் தொகுத்தும் மொழிபெயர்த்தும் வெளியிடும் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். நீங்கள் கொண்டுவரும் தொகுப்புகளை வாங்கிப் படிக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. எட்கர் ஆலன் போ, பிராம் ஸ்டோக்கர், கிப்ளிங், எச்.பி. லவ்கிராஃப்ட் என்று யாருடைய புத்தகத்தைப் பிரித்தாலும் முன்னுரையில் ஏறக்குறைய ஒரே வாக்கியம் வந்து நிற்கிறது. ஆசிரியரின் சில கருத்துகள் இன்றைய வாசகருக்கு உவப்பாக இல்லாமல் போகலாம். அவர் தம் காலத்தின் மனிதர். என்ன கருத்து, யாரைப் பற்றியது, எந்தக் கதையில் வருகிறது, ஒரு தகவலும் கிடையாது. அடுத்த வரியிலேயே ஆசிரியர் பட்ட வறுமைக்கும் நோய்க்கும் பேச்சு போய்விடுகிறது.

அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கதைகளை எடுக்கச் சொல்லவில்லை. அவற்றில் ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்லவில்லை. இந்தக் கதைகள் எனக்குப் பிடிக்கும், இரவில் விளக்கை அணைக்கத் தயங்கும் அளவுக்குப் பிடிக்கும். அதனால்தான் முன்னுரையில் நடக்கும் சப்பைக்கட்டு எரிச்சலாக இருக்கிறது.

முதலில், அந்த வாக்கியம் உண்மையே இல்லை. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டை எடுத்துக்கொள்வோம். இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் அவரிடம்தான் வந்து சேரும், அதற்குக் காரணமும் இருக்கிறது.

1915 ஏப்ரலில், 24 வயதில், அவர் 'தி கன்சர்வேடிவ்' என்ற சிற்றிதழைச் சொந்தமாகத் தொடங்கினார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் ஒரே உயர்ந்த இனத்தின் இரண்டு கிளைகள், அவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வதுதான் இந்த நூற்றாண்டின் குற்றம் என்று முதல் இதழிலேயே கட்டுரை எழுதினார். அதே சிற்றிதழ் வட்டத்தில் இருந்த சார்ல்ஸ் ஐசக்சன் என்ற யூதர் தம்முடைய இதழில் இதைக் கண்டித்தார். லவ்கிராஃப்ட் பின்வாங்கவில்லை. அடுத்த இதழில் பதிலடி கொடுத்தார். கறுப்பினத்தவரை வேட்டையாடிய கூ க்ளக்ஸ் கிளான் கும்பலை, நாட்டின் பாதியை அழிவிலிருந்து காப்பாற்றிய உத்தமர்கள் என்று அந்தப் பதிலில் புகழ்ந்தார்.

அப்புறம் ஜேம்ஸ் மார்ட்டன் என்ற இன்னொருவர் களத்தில் இறங்கினார். இவர் வெள்ளையர், படித்தவர், அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதிக்காரர். அதாவது லவ்கிராஃப்ட் எந்த மண்ணைப் பெருமையாகப் பேசினாரோ அதே மண். ஆனால் இனவெறி ஒரு சாபம் என்று சில ஆண்டுகளுக்கு முன்பே தனிச் சிறுநூல் போட்டவர். லவ்கிராஃப்டைக் கிழித்துத் தொங்கவிட்டார். பீடத்தில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்வதற்கு முன் இந்த ஆசாமி நெடுங்காலம் அடக்கமாகப் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது என்ற தொனியில் எழுதினார்.

ஐசக்சன், மார்ட்டன், லவ்கிராஃப்ட் மூவரும் ஒரே காலத்தவர், ஒருவர் இதழை ஒருவர் தபாலில் வாங்கிப் படித்தவர்கள். இவர்களில் யார் 'காலத்தின் மனிதர்'? கண்டித்த இருவரும் வேறு நூற்றாண்டிலிருந்து வந்து குதித்தார்களா? அந்தக் காலத்தில் இனவெறி பரவலாக இருந்தது, அதற்குச் சட்டத்தின் துணையும் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் லவ்கிராஃப்டுக்கு மாற்றுக் கருத்து காதில் விழாமல் போகவில்லை. முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர் கேட்டுவிட்டுத் தம் வழியிலேயே போனார். முன்னுரை எழுதுகிறவர் இந்த 1915ஆம் ஆண்டுச் சண்டையை நான்கு வரியில் சொன்னால் போதும், காலத்தின் மேல் பழிபோடும் அந்த வாக்கியத்துக்கு இடமே இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த மார்ட்டன்தான் பின்னாளில் லவ்கிராஃப்டின் மிக நெருங்கிய நண்பர்களில் ஒருவரானார். வாதமும் நிற்கவில்லை, நட்பும் முறியவில்லை. ஒரு மனிதரை நேசித்துக்கொண்டே அவர் எண்ணத்தை ஏற்காமல் இருக்க முடியும் என்பதை மார்ட்டன் செய்தே காட்டியிருக்கிறார். வாசகர்களுக்கு மட்டும் அது முடியாது என்று நீங்கள் ஏன் முடிவு செய்கிறீர்கள்?

லவ்கிராஃப்டின் மனைவி கதையும் அப்படித்தான். சோனியா கிரீன், உக்ரைனிலிருந்து குடியேறிய யூதப் பெண். 1924 மார்ச்சில் இருவரும் நியூயார்க்கில் திருமணம் செய்துகொண்டார்கள். நகரத் தெருக்களில் பல இன மக்கள் கலந்த கூட்டத்தைக் கண்டால் கணவருக்குக் கோபத்தில் முகமே வெளிறிப்போகும் என்று சோனியா பின்னாளில் தம் நினைவுக்குறிப்பில் எழுதினார். தாமும் யூதப் பெண்தான் என்று அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்ததாம்.

சாமுவேல் லவ்மன் கதை இன்னும் வலிக்கும். லவ்மன் யூதக் கவிஞர், லவ்கிராஃப்டுக்கு உயிர்த்தோழர். 1919இல் எழுதிய 'ராண்டால்ஃப் கார்ட்டரின் வாக்குமூலம்' லவ்கிராஃப்ட் கண்ட ஒரு கனவிலிருந்து அப்படியே வந்தது. பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒருவன் நிலவறைக்குள் இறங்கிப் போகிறான், மேலே நிற்பவன் தொலைபேசியில் அவனுடைய குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறான். கனவில் இறங்கிப் போனவர் லவ்மன். நண்பனை இழந்துவிடுவோமோ என்ற பயம்தான் அந்தக் கதை முழுக்க. அதே கைதான் மற்றவர்களுக்கு எழுதிய கடிதங்களில் யூதர்களைக் கேவலமாக எழுதியது. லவ்கிராஃப்ட் 1937இல் இறந்து பல ஆண்டுகள் கழித்து லவ்மனுக்கு இது தெரிந்தது. 1975இல் பழைய நண்பரைக் கடுமையாகச் சாடி ஒரு நினைவுக்கட்டுரை எழுதினார். எந்தத் தொகுப்பின் முன்னுரையிலும் இதை நான் பார்த்ததில்லை. அந்தக் கதையோடு சேர்த்துப் படிக்க இதைவிடப் பொருத்தமான தகவல் என்ன இருக்கிறது?

சரி, இதெல்லாம் ஆளைப் பற்றிய விஷயம், கதையைப் பாருங்கள் என்பீர்கள். பார்க்கலாம்.

'தி கால் ஆஃப் கதூல்ஹூ' 1928இல் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வந்தது. தொடக்கத்திலேயே ஒரு முதிய பேராசிரியர் இறந்துபோகிறார். துறைமுகப் பக்கமிருந்து மேட்டில் ஏறி வீட்டுக்குத் திரும்பும் வழியில், மாலுமி போலத் தெரிந்த ஒரு கறுப்பர் அவரை இடித்துவிட்டுப் போகிறார். பேராசிரியர் விழுகிறார். மருத்துவர்கள் ஏதோ இதயக் கோளாறு என்கிறார்கள். கத்தி இல்லை, விஷமும் இல்லை. ஆனாலும் இது கொலை என்று வாசகர் அந்த இடத்திலேயே மோப்பம் பிடித்துவிடுகிறார். எதை வைத்து? இடித்தவரின் நிறத்தை வைத்து. துப்பு என்று கதாசிரியர் கையில் கொடுப்பது அது ஒன்றைத்தான். கதை நெடுக இதே கணக்குதான். பாதாளத் தெய்வத்தை வணங்குவோர் எல்லாரும் கலப்பினத்தவர், கறுப்பர், தீவுவாசிகள், கீழைத் தேசத்தவர். உண்மையைத் துருவிக் கண்டுபிடிப்போர் எல்லாரும் வெள்ளையர், பெரும்பாலும் படிப்பாளிகள். நம்மைப் போன்ற நிறத்தார் இதைப் படிக்கும்போது எந்தப் பக்கம் உட்கார்வது? நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்து படித்திருக்கிறேன். கதை அப்போதும் பயமுறுத்தத்தான் செய்கிறது.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு கதைகளை அடுத்தடுத்துப் படித்தால் போதும். ஒன்று 'ரெட் ஹுக்கில் பயங்கரம்'. 1925 ஆகஸ்டில் எழுதியது. சோனியா வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட, லவ்கிராஃப்ட் புரூக்ளினில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். சம்பாத்தியம் இல்லை. அந்த மே மாதத்தில்தான் திருடர்கள் அறைக்குள் புகுந்து அவருடைய உடுப்புகளை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அத்தனை ஆத்திரத்தையும் பக்கத்துப் பேட்டையான ரெட் ஹுக்கில் வசித்த குடியேறிகள் மேல் கொட்டிவிட்டார். கதை படுமோசம். வெறுப்பதற்குப் பெரிய பட்டியல் இருக்கிறது, பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை. எழுதியவருக்கே அதில் திருப்தி இருக்கவில்லை.

இன்னொன்று 'இன்ஸ்மவுத்தின் மேல் நிழல்'. 1931இல் எழுதி 1936இல் சிறு புத்தகமாக வந்தது. அவர் வாழ்நாளில் புத்தகமாக வந்த கதை இது ஒன்றுதான். இதற்கு உரமும் அதே வெறுப்புதான். கடலுக்கு அடியில் வாழும் மீன்-தவளை உயிர்களோடு மணவுறவு கொண்டு ரத்தம் 'கெட்டுப்போன' ஒரு துறைமுக ஊர். கலப்புத் திருமணம் என்றாலே குமட்டும் ஒருவரின் கற்பனை என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. தொடக்கத்தில் அரசாங்கம் ஊரையே சுற்றி வளைத்து மக்களை முகாம்களுக்குக் கொண்டுபோகிறது, கதைசொல்லிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நாஜி முகாம்களை உலகம் பார்த்த 1945க்குப் பிறகு அந்தப் பக்கத்தைச் சாதாரணமாகக் கடக்க யாராலும் முடியாது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. ஊரைவிட்டுத் தப்பி ஓடியவனுக்குத் தன் வம்சாவளி தெரியவருகிறது. அவன் பாட்டியின் வழியில் அந்த ரத்தம் அவனுக்குள்ளேயே ஓடுகிறது. கண்ணாடியில் முகம் மாறத் தொடங்குகிறது. தற்கொலைக்குத் துப்பாக்கி வாங்கியவன் அதைக் கீழே வைக்கிறான். மனநோய் விடுதியில் பூட்டிவைக்கப்பட்ட தன் உறவினனை மீட்டுக்கொண்டு கடலுக்கடியில் இருக்கும் சொந்தங்களிடமே போய்ச் சேர முடிவு செய்கிறான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் அருவருப்பு இல்லை, ஆனந்தம் இருக்கிறது!

இரண்டு கதைக்கும் வேர் ஒன்றுதான். முதலாவதில் பயம் வெளியே விரலை நீட்டுகிறது. இரண்டாவதில் அந்த விரல் எழுதியவர் பக்கமே திரும்புகிறது. லவ்கிராஃப்டின் தந்தையும் தாயும் ஒரே மனநல மருத்துவமனையில், முறையே 1898இலும் 1921இலும், இறந்தவர்கள். ரத்தத்தில் என்ன வருமோ என்ற அச்சம் அவருக்குச் சொந்த வீட்டுச் சங்கதி. இதை அறியாமல் 'இன்ஸ்மவுத்' படிப்பவருக்கு மீன்முகம் கொண்ட ஊரார் துரத்தும் ஒரு நல்ல சாகசக் கதை கிடைக்கும். அறிந்து படித்தால் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய திகில் கதைகளில் ஒன்று கிடைக்கும். இது என் கருத்து, சண்டைக்கு வரலாம். முன்னுரையில் மூடி மறைக்கும்போது லவ்கிராஃப்டின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைக்கிறீர்கள். அவருடைய ஆகச் சிறந்த கதையைத்தான் பாதியாக்கிக் கொடுக்கிறீர்கள்.

அவருடைய எல்லாக் கதையையும் இந்தக் கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. 1927இல் வந்த 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' கதையில் விண்ணிலிருந்து விழுந்த பெயரில்லாத ஒரு நிறம் ஒரு பண்ணைக் குடும்பத்தை மெல்ல மெல்லத் தின்கிறது. அதில் இனம் எங்கே? இல்லாத இடத்தில் தேடிக் கண்டுபிடிப்பதும் ஒருவகை அசட்டுத்தனம்தான்.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன், லவ்கிராஃப்டை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு மற்றவர்களை விட்டுவிடுவதும் ஒரு வழக்கமாகிவிட்டது. 1897இல் வந்த 'டிராகுலா'வின் இறுதிப் பகுதியில் ஹில்டஸ்ஹைம் என்ற யூத முகவர் ஒரே ஒரு காட்சியில் வருகிறார். மூக்கு ஆட்டு மூக்கு என்று கேலி, கூடவே அவர் வாயிலிருந்து தகவல் வரப் பேரம் பேச வேண்டியிருக்கிறது. அதே ஆண்டுகளில்தான் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி லண்டனுக்கு வந்த யூதர்களுக்கு எதிராகக் குரல்கள் ஓங்கி, 1905இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கிழக்கிலிருந்து மண் பெட்டிகளோடு வந்து இறங்கி லண்டனின் ரத்தத்தைக் கெடுக்கும் பிரபுவை இந்தப் பின்னணியோடு படித்துப் பாருங்கள். (கேட்டால் சிரிப்பு வரும், இதே ஸ்டோக்கர் 1908இல் ஒழுக்கக்கேடான புனைவுகளைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று கட்டுரை எழுதியவர். ரத்தக்காட்டேரிக் காமத்தை எழுதிப் பேர் வாங்கியவர்!) எட்கர் ஆலன் போவின் 1838 நாவலில் தென்துருவத் தீவொன்றின் மக்களுக்குப் பல்லும் கறுப்பு, வஞ்சகமும் பிறவிக்குணம். கதை முடியும்போது பனிபோல் வெளுத்த ஒரு பேருருவம் எழுந்து நிற்கிறது. கறுப்பின அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் 1992இல் அமெரிக்க இலக்கியத்தின் வெள்ளைக் கற்பனையைப் பற்றி எழுதிய சிறு நூலில் அந்த வெள்ளை உருவத்தை எடுத்துப் பேசினார். போவை எரிக்கச் சொல்லவில்லை. அமெரிக்க இலக்கியத்தைப் புரிந்துகொள்ளப் போ எவ்வளவு முக்கியம் என்றுதான் காட்டினார்.

கிப்ளிங்கின் 'மிருகத்தின் முத்திரை' 1890இல் வெளியானது. புத்தாண்டு இரவில் குடிபோதையில் ஒரு ஆங்கிலேயன் அனுமார் சிலையின் நெற்றியில் சுருட்டுச் சாம்பலைத் தேய்க்கிறான். கோயிலில் இருக்கும் தொழுநோயாளி ஒருவர் அவனைக் கட்டிப்பிடித்து மார்பில் தலையைச் சாய்க்க, அவன் ஓநாய் குணத்துக்கு மாறத் தொடங்குகிறான். சாபத்தை நீக்க, கதைசொல்லியும் போலீஸ்கார நண்பரும் அந்தத் தொழுநோயாளியைப் பிடித்துக் கட்டி, துப்பாக்கிக் குழலைப் பழுக்கக் காய்ச்சுகிறார்கள். அதற்குமேல், இந்தப் பகுதி அச்சிடுவதற்கல்ல என்ற ஒரு வாக்கியம். பிறகு ஒரு வரிசை புள்ளிகள். சித்திரவதையை எழுதாமலே எழுதிவிட்ட சாமர்த்தியம், கை நடுங்கவைக்கும் எழுத்து. அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் குரலற்று, பெயரற்றுக் கிடப்பவர் ஓர் இந்தியர். இரண்டையும் ஒருசேரச் சொல்லாத முன்னுரையால் எனக்குப் பயனில்லை.

இப்போது எதிர்ப்பக்கம் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுத்தம் செய்து வெளியிடலாம் என்று உங்களில் சிலர் நினைப்பது தெரியும். லவ்கிராஃப்டின் 'சுவருக்குள் எலிகள்' கதையில் வரும் பூனையின் பெயர் கறுப்பினத்தவரை இழிவு செய்யும் வசைச்சொல். அவர் சிறுவயதில் வளர்த்த பூனைக்கு அவர் வீட்டில் அந்தப் பெயர்தான். 1950களில் ஓர் இதழ் மறுபிரசுரம் செய்தபோது அதைக் 'கறுப்பு டாம்' என்று மாற்றிவிட்டது. படிக்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு குடும்பம் செல்லப்பிராணியை அந்தச் சொல்லால் கூப்பிட்டுக் கொஞ்சியது என்ற தகவல் காணாமல் போய்விடுகிறது. மொழிபெயர்ப்பில் இது இன்னும் சுலபம். யாருக்கும் தெரியாமலே நடந்துவிடும். 2023இல் ரோல்ட் டாலின் சிறுவர் கதைகளில் பதிப்பகம் நூற்றுக்கணக்கான இடங்களில் கைவைத்தது. பெரிய கூச்சல் எழுந்த பிறகு பழைய பாடத்தையும் தனியாக வெளியிடுவோம் என்றார்கள். டாலின் யூத வெறுப்பு அவருடைய 1983 பேட்டியில் அச்சாகி இருக்கிறது, குடும்பத்தாரே பின்னர் மன்னிப்புக் கேட்டார்கள். கதையில் 'குண்டு' என்ற சொல்லை எடுத்ததால் அந்தப் பேட்டிக்கு என்ன ஆயிற்று?

எடுத்துவிடுவதும் மறைத்துவிடுவதும் வேண்டாம் என்று முதலில் சொன்னவர்கள், இந்த எழுத்தால் நேரடியாகக் காயப்பட்டவர்கள்தான். உலக ஃபேன்டசி விருதுக்கு 1975 முதல் கொடுத்துவந்த சிலை லவ்கிராஃப்டின் தலை. 2011இல் சிறந்த நாவலுக்காக அதைப் பெற்ற நெடி ஒகோராஃபோர், நாவல் பிரிவில் அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர். லவ்கிராஃப்ட் 1912இல் எழுதிய ஓர் இனவெறிக் கவிதையைப் பின்னர் ஒரு நண்பர் அவருக்குக் காட்டினார். ஒகோராஃபோர் எழுதியது இதுதான்: இந்த வரலாற்றைப் புதைத்துவிட விரும்பவில்லை, நேருக்கு நேர் பார்க்க விரும்புகிறேன். அதே விருதை வாங்கிய சைனா மியவில் தமக்குக் கிடைத்த தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பதாகவும், லவ்கிராஃப்டின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுவதாகவும் சொன்னார். 2015இல் அந்தச் சிலை கைவிடப்பட்டது. புணேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த லவ்கிராஃப்ட் ஆய்வாளர் எஸ்.டி. ஜோஷி கோபத்தில் தம் விருதுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் லவ்கிராஃப்டின் இனவெறியை வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் பதிவு செய்தவரும் ஜோஷிதான், சிதைந்துகிடந்த கதைகளின் மூலப் பாடத்தைக் கையெழுத்துப் பிரதிகளோடு ஒப்பிட்டு மீட்டவரும் ஜோஷிதான். சிலை விஷயத்தில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. ஒருவரின் கதையைப் படிப்பது வேறு, அவர் தலையைப் பரிசாக நீட்டுவது வேறு. ஆனால் முன்னுரை எழுதும் விஷயத்தில் அவர் வழிதான் சரி.

உங்களிடம் நான் கேட்பது பெரிய வேலை ஒன்றும் இல்லை. மூலத்தில் உள்ளதை அப்படியே கொடுங்கள், வசைச்சொல் இருந்தால் அது வசைச்சொல்லாகவே வரட்டும். எந்தக் கதையில், யார் மேல், என்ன வெறுப்பு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். 1915இல் மார்ட்டன் எழுதிய கண்டனத்திலிருந்து ஒரு பத்தி சேர்த்தால் இன்னும் நல்லது. இந்தக் குறிப்பைக் கதைக்கு முன்னால் வைக்காதீர்கள், பின்னால் வையுங்கள். 'இன்ஸ்மவுத்' முடிவை முன்னுரையிலேயே போட்டு உடைத்த ஒரு தொகுப்பு என்னிடம் இருக்கிறது, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

'ரெட் ஹுக்' கதையைச் சேர்ப்பதாக இருந்தால், முடிந்தால் விக்டர் லவாலின் 'தி பேலட் ஆஃப் பிளாக் டாம்' குறுநாவலுக்கும் உரிமை வாங்குங்கள். 2016இல் வந்தது. ரெட் ஹுக் நிகழ்வுகளையே ஒரு கறுப்பின இளைஞனின் கண்ணால் சொல்கிறது, மூலக் கதையைவிட நூறு மடங்கு பயமாகவும் இருக்கிறது. லவ்கிராஃப்டின் கதைகளுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அதில் மிச்சமாகும் காசை இதற்குச் செலவழிக்கலாம். லவால் அந்தப் புத்தகத்தை லவ்கிராஃப்டுக்குத்தான் காணிக்கையாக்கியிருக்கிறார், தம் மனத்தில் முட்டிமோதும் அத்தனை உணர்வுகளோடும் என்று சேர்த்து. உங்கள் முன்னுரைக்கு ஒற்றை வாக்கியம்தான் வேண்டும் என்றால் அதை மேற்கோள் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகி